இரண்டாவது டேக்

சேலையூரில் அடுக்ககம் வாங்குகிறவர்கள் வாஸ்து பார்க்கிறார்கள், நிலத்தடி நீர் பார்க்கிறார்கள், கேம்ப் ரோடு எவ்வளவு பக்கம் என்று பார்க்கிறார்கள். குளியலறைகளுக்கு நடுவில் இருக்கும் டக்ட்டை மட்டும் யாரும் எட்டிப் பார்ப்பதில்லை. பார்க்க வேண்டும் என்பது என் ஆலோசனை. நான்கு பக்கமும் சுவர், நடுவில் கழிவுநீர்க் குழாய்கள், மேலே ஒரு துண்டு வானம். இரண்டு வீட்டுக் குளியலறை ஜன்னல்களும் அதற்குள்தான் திறக்கும். பக்கத்து வீட்டில் பல் தேய்ப்பது, காறித் துப்புவது எல்லாமே நம் வீட்டில் நடப்பதுபோல் கேட்கும். எங்கள் டக்ட்டின் எதிரொலியைப் பற்றி நான் மணிக்கணக்கில் பேசுவேன். நீங்கள் வேறு விஷயம் கேட்க என்னை உட்காரவைத்திருக்கிறீர்கள் என்பதால் சுருக்கிக்கொள்கிறேன், இன்ஸ்பெக்டர் சார்.

என் பெயர் பத்ரிநாராயணன் என்பது உங்களுக்குத் தெரியும். மென்பொருள் நிறுவனத்தில் சோதனைப் பிரிவு. அடுத்தவன் செய்ததில் குற்றம் கண்டுபிடித்துச் சம்பளம் வாங்குகிறவன். வீட்டிலிருந்தே வேலை. மனைவி மாளவிகா பள்ளி ஆசிரியை, காலையில் போனால் மாலையில்தான் வருவாள். நாற்பதைத் தாண்டிய ஆண்களுக்கு எங்கள் காலனி சில நல்வழிகளை ஒதுக்கி வைத்திருக்கிறது. ஓடலாம், மாடியில் தக்காளி வளர்க்கலாம், சங்கத் தேர்தலில் நின்று தண்ணீர் மோட்டாருக்காகச் சண்டை போடலாம். நான் அப்லிஃப்டிங் டிரான்ஸ் இசையை எடுத்துக்கொண்டேன்.

அது என்ன கண்றாவி என்று உங்கள் ஏட்டு குப்பன் கேட்டார். என் மாமனாரும் பல வருடமாக அதையேதான் கேட்கிறார். வேகமான தாளம், இதயம் துடிக்கிற வேகத்தைவிட அதிகம். பாதியில் அந்தத் தாளம் சட்டென்று நின்றுவிடும். அந்த இடத்துக்கு பிரேக்டவுன் என்று பெயர். அங்கே மெலிதான ஒரு மெட்டும் ஒரு மனிதக் குரலும் மட்டும் இருக்கும். துக்கம் மாதிரி ஆரம்பித்து, கொஞ்சம் கொஞ்சமாக ஏறி, இதோ விடியப்போகிறது என்று கேட்கிறவனை நம்பவைக்க வேண்டும். அவன் நம்பிய நொடியில் தாளம் மறுபடி வந்து விழும், கூட்டம் கையைத் தூக்கிக் கத்தும். நம்பிக்கையை வீட்டிலேயே தயாரிக்கும் கைத்தொழில் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இதை எனக்குக் கற்றுக்கொடுத்தது மீசை சரியாக முளைக்காத ஒரு டச்சுக்காரப் பையன். யூட்யூபில் அவன் சொன்னதையெல்லாம் செய்தேன். ஒவ்வொரு முறை டிரம் அடிக்கும்போதும் மற்ற ஓசைகள் எல்லாம் தணிந்து அதற்கு வழிவிட வேண்டும் என்றான். கேம்ப் ரோடில் ஆம்புலன்ஸுக்குக்கூட நடக்காத காரியம், என் லேப்டாப்பில் அழகாக நடந்தது. சின்ன அறையின் சுவரில் முட்டை அட்டைகளை ஒட்டினால் எதிரொலி அடங்கும் என்று எவனோ எழுதியிருந்தான். அதையும் ஒட்டினேன். மாடம்பாக்கத்திலிருந்து வந்த என் மாமியார் அறையைச் சுற்றிப் பார்த்துவிட்டு, "முட்டையே வராத ஆத்துல அட்டை மட்டும் எங்கேர்ந்து வந்தது மாப்பிள்ளை?" என்று கேட்டார். எதிரொலி அடங்கவில்லை. மாமியாரும் அடங்கவில்லை.

இப்படி ஒரு டிராக்கை ஒருவழியாக முடித்து, ஃபின்லாந்தில் ஒரு சிறிய இசை நிறுவனத்துக்கு அனுப்பினேன். பதில் வந்தது. அதுவே பெரிய விஷயம், என் மேலதிகாரி என் கடிதங்களுக்குப் பதில் போடுவதில்லை. மெட்டு நன்றாக இருக்கிறது, மிக்ஸிங் சுத்தமாக இருக்கிறது, குரல் மட்டும் பிளாஸ்டிக், உண்மையான குரல் போட்டு அனுப்பினால் வெளியிடுகிறோம் என்று எழுதியிருந்தார்கள். அவர்கள் சொன்னதில் தப்பில்லை. நான் போட்டிருந்தது கடையில் கிடைக்கும் குரல். அதே பெண் அதே "ஆ"வை உலகம் முழுக்க ஆயிரம் பேருக்குப் பாடிக்கொடுத்திருக்கிறாள். நான் அன்றைக்குச் சாப்பிடவில்லை. வாழ்க்கையில் முதல்முறையாக ஒரு கதவு திறக்கப் பார்க்கிறது, ஒரு "ஆ" குறுக்கே நிற்கிறது.

பக்கத்து வீட்டில் லாசரஸ் சார் இருந்தார். ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார். மனைவி மெட்டில்டா இறந்த பிறகு தனியாக இருந்தார். ஒரே மகள் கெசியாவுக்கு பெங்களூரில் வேலை. அவர் வீட்டு மாற்றுச் சாவி எங்கள் வீட்டு ஆணியில்தான் தொங்கும். காலனியில் தனியாக இருக்கும் பெரியவர்கள் எல்லோருடைய சாவியும் ஏதோ ஒரு பக்கத்து வீட்டு ஆணியில் தொங்குகிறது, அது எங்கள் வழக்கம். சாவியைக் கொடுத்த அன்று கெசியா ஒரு பிளம் கேக்கும் கொடுத்தாள். நல்ல கேக்.

லாசரஸ் சார் தேவாலயப் பாடகர் குழுவில் ஆண்களின் மேல் குரல் பாடுகிறவர். தினமும் காலையில் குளிக்கும்போது பாடுவார். அந்தக் குரல் டக்ட்டுக்குள் ஏறி, இரண்டு மாடி உயரத்துக்கு வளர்ந்து, என் ஜன்னல் வழியாக வந்து உட்காரும். ஐரோப்பாவில் இதற்காகவே பெரிய பெரிய கட்டடம் கட்டியிருக்கிறார்கள். எங்கள் பில்டர் செலவைக் குறைக்கப்போய்த் தற்செயலாகக் கட்டிவிட்டார்.

ஒருநாள் அவரைக் கூப்பிட்டு டிராக்கைப் போட்டுக் காட்டினேன். கைகளைக் கட்டிக்கொண்டு கடைசிவரை கேட்டார். எங்கள் கட்டடத்தில் அதைக் கடைசிவரை கேட்ட ஒரே மனிதர் அவர்தான், என் மனைவியையும் சேர்த்து.

"நல்லா ஏறுது தம்பி," என்றார். "ஆனா யாருக்காக ஏறுது? உள்ள ஆளே இல்லையே."

சுருக்கென்று இருந்தது. இருந்தாலும் சிரித்துக்கொண்டே, "அந்த ஆள் நீங்களா இருங்களேன் சார். ஒரே ஒரு 'ஆ' போதும், வார்த்தைகூட வேண்டாம்," என்றேன்.

"இல்ல தம்பி, தப்பா எடுத்துக்காதீங்க. இந்தக் குரல ஆண்டவருக்குன்னு ஒப்புக்கொடுத்துட்டேன். ஆட்டம் போடுற பாட்டுக்கெல்லாம் தர முடியாது."

ஆண்டவரிடம் ஏற்கெனவே எத்தனையோ குரல்கள் இருக்கின்றன. என்னிடம் ஒன்றுகூட இல்லை. இந்தக் கணக்கு ஒரு கணக்கு வாத்தியாருக்குப் புரியவில்லை. எனக்குக் கோபம் வந்தது. நான் அமைதியானவன் என்று எல்லோரும் சொல்வார்கள், ஆனாலும் வந்தது. ஃபில்டர் காபி கொடுத்து அனுப்பிவைத்தேன்.

குளிக்கும்போது பாடுவதை அவருக்குத் தெரியாமல் பதிவு செய்திருக்கலாமே என்று நீங்கள் கேட்கலாம். செய்து பார்த்தேன். பயன்படவில்லை. வாளியில் தண்ணீர் விழும் சத்தம் ஒரு பக்கம். அவர் பாடுவதெல்லாம் ஊரறிந்த ஞானப்பாட்டுகள் என்பது இன்னொரு பக்கம். அதையெல்லாம்விடப் பெரிய குறை, அவர் குரலில் திருப்தி இருந்தது. திருப்தியான மனிதனின் குரல் ஏறாது. இருக்கிற இடத்திலேயே சம்மணம் போட்டு உட்கார்ந்துகொள்ளும். தவிர, ஒருவர் வேண்டாம் என்று சொன்ன பிறகு அவர் பாட்டை எடுத்துப் போட்டுக்கொள்வது நாகரிகமில்லை. அந்தப் பதிவுகளை ஒதுக்கி வைத்துவிட்டேன். எனக்கும் கொள்கைகள் உண்டு.

அந்த வியாழக்கிழமையைப் பற்றி முதலில் உங்களிடம் என்ன சொன்னேன் என்று நினைவிருக்கும். காதில் ஹெட்ஃபோன் போட்டு வேலை செய்துகொண்டிருந்தேன், லாசரஸ் சார் குளியலறையில் வழுக்கி விழுந்தது எனக்குக் கேட்கவில்லை என்று சொன்னேன். நீங்களும் தலையாட்டினீர்கள். மாலையில் மாளவிகா பள்ளியிலிருந்து வந்தபோது அவர் வீட்டுக் கதவுக் கைப்பிடியில் மதியச் சாப்பாட்டு கேரியர் அப்படியே தொங்கிக்கொண்டிருந்தது. கதவைத் தட்டிப் பார்த்துவிட்டு ஓடிவந்து ஆணியில் சாவியைத் தேடினாள். ஆணியில் இல்லை. என் சட்டைப் பையில் இருந்தது.

"சாவி உங்க பாக்கெட்ல எப்படி வந்துச்சு?" என்றாள்.

"எடுத்து வெச்சேன்," என்றேன். அந்த அவசரத்தில் அவள் அதற்குமேல் கேட்கவில்லை. பிறகு கேட்டாள். இப்போது மாடம்பாக்கத்தில் தன் அம்மா வீட்டில் இருக்கிறாள்.

அவர் குழாயடியில் கிடந்தார். இடுப்பெலும்பு உடைந்து, தலையிலும் அடி. காலையில் விழுந்திருக்கிறார், மதியத்துக்குப் பிறகுதான் உயிர் போயிருக்கிறது, உடனே கொண்டுவந்திருந்தால் பிழைத்திருப்பார் என்று டாக்டர் சொன்னார். டாக்டர்களுக்கு இப்படிச் சொல்வது சுலபம்.

அதற்குப் பிறகு எல்லாவற்றையும் நான்தான் பார்த்துக்கொண்டேன். யாரை வேண்டுமானாலும் விசாரியுங்கள். ஆம்புலன்ஸ், ஃப்ரீசர் பெட்டி, வாசலில் பந்தல், நாற்காலிகள், ஆயர் வந்தபோது அவருக்குச் சர்க்கரை போடாத காபி. பெட்டியைத் தூக்கியவர்களில் நானும் ஒருவன். கல்லறைத் தோட்டத்தில் கெசியா என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு அழுதாள். "நீங்க பக்கத்துல இருக்கீங்கன்ற தைரியத்துலதாண்ணா அப்பாவ தனியா விட்டுட்டுப் போனேன்," என்றாள். எனக்கும் கண் கலங்கியது. அதில் துளி நடிப்பு இல்லை. சங்கத்தின் வாட்ஸ்அப் குழுவில் என்னைப் பாராட்டிக் கும்பிடு பொம்மைகள் போட்டார்கள். தண்ணீர் மோட்டார் விஷயத்தில் என்னோடு பேச்சை நிறுத்தியிருந்த தசரதன்கூட ஒன்று போட்டார்.

டிராக்கின் முதல் மிக்ஸையும் முடித்து அனுப்பினேன். இந்த முறை ஃபின்லாந்துக்காரர்கள் மறுநாளே எழுதிவிட்டார்கள். இந்தக் குரல் எங்கே கிடைத்தது என்று கேட்டிருந்தார்கள். பக்கத்து வீட்டில் என்று பதில் போட்டேன். நகைச்சுவை என்று நினைத்துக்கொண்டார்கள்.

என்னைப் பிடித்துக்கொடுத்தது என் தொழில் ஒழுக்கம்தான். வீட்டில் இசை செய்கிறவன் எவனும் காரில் போட்டுக் கேட்காமல் ஒரு மிக்ஸை முடிவு செய்யமாட்டான். ஸ்டுடியோவில் தேவகானமாக இருப்பது கார் ஸ்பீக்கரில் தகர டப்பாவாக மாறும். அதனால் புதிதாக ஒன்றை முடித்ததும் காரில் போட்டு ஒரு சுற்று சுற்றுவோம். பக்கத்தில் யாராவது உட்கார்ந்திருந்தால் அபிப்பிராயமும் கேட்போம். ஓலா ஓட்டுநர்களையே கேட்டிருக்கிறேன். நாற்பதாம் நாள் ஜெபத்துக்கு வந்திருந்த கெசியா ஊர் திரும்பும்போது தாம்பரம் ஸ்டேஷனில் கொண்டுபோய் விடுகிறேன் என்று காரை எடுத்தேன். பிரேக்டவுனை நன்றாகக் கேட்கவேண்டும் என்று ஏசியைக்கூடக் குறைத்தேன். கேம்ப் ரோடு சிக்னலில் வழக்கம்போல் வண்டிகள் நகரவில்லை.

"வோகல் எப்படி இருக்கும்மா?" என்று கேட்டேன். அவளும் பாடகர் குழுவில் பாடியவள், அவள் கருத்து எனக்கு முக்கியம்.

அவள் சத்தத்தைக் கூட்டினாள். அந்த இடத்தை மறுபடி போடச் சொன்னாள். போட்டேன்.

"அண்ணா, இது அப்பா."

"இல்லம்மா, சேம்பிள் பேக்ல விலைக்கு வாங்கின குரல். யாரோ வெளிநாட்டுக்காரர்."

"இது எங்க அப்பாண்ணா," என்றாள். குரலை உயர்த்தவே இல்லை. "அம்மாவ ஐசியூக்குள்ள கொண்டுபோனப்ப இப்படித்தான் கூப்பிட்டார். இது பாட்டு இல்ல. யாரையோ கூப்பிடறார்."

கதவைத் திறந்து, பையை எடுத்துக்கொண்டு, ஆட்டோக்களுக்கு நடுவில் இறங்கிப் போனாள். நேராக உங்களிடம்தான் வந்திருக்கிறாள். மிக்ஸைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை.

பிறகு நீங்கள் வந்து லேப்டாப்பை எடுத்துப்போனீர்கள். மூலப் பதிவை நான் அழித்திருக்கலாமே என்று நீங்கள் ஆச்சரியப்பட்டது எனக்குத் தெரிந்தது. மூலப் பதிவை அழிக்கவே கூடாது சார். டச்சுக்காரப் பையன் முதல் பாடத்திலேயே சொன்னது. முடிந்த டிராக்கை இங்கே போட்டபோது ஏட்டு குப்பன் காலால் தாளம் போட்டார். "பீட்டு சோக்கா கீது சார்," என்று என்னிடமே சொன்னார். நல்ல ரசிகர் என்று நினைத்தேன். பிறகு மூலப் பதிவைப் போட்டீர்கள். அவர் கால் நின்றது. பாதியிலேயே எழுந்து வெளியே போய்விட்டார். அதில் லாசரஸ் சார் என் பெயரைச் சொல்லித்தான் கூப்பிடுகிறார். டிராக்கில் என் பெயரை வெட்டி எடுத்துவிட்டேன், உயிரெழுத்தின் நீட்டல்களை மட்டும் வைத்துக்கொண்டேன். இசையமைத்தவன் பெயரே பாட்டுக்குள் வந்தால் விளம்பரம் மாதிரி இருக்கும். மூலப் பதிவில் இன்னொரு குரலும் இருக்கிறது, கிசுகிசுவென்று, அது யாருடையது என்று நேற்றிலிருந்து கேட்டுக்கொண்டே இருக்கிறீர்கள். அதற்குத்தான் வருகிறேன்.

விழுந்தது எனக்குக் கேட்டது. வாளி உருண்டது கேட்டது. அப்புறம், "பத்ரி," என்று கூப்பிட்டார். நான் எழுந்தேன். போகத்தான் எழுந்தேன், இதை நீங்கள் நம்பவேண்டும். சாவி ஆணி என் அறை வாசலிலேயே இருக்கிறது. கை வைத்துவிட்டேன். அப்போது அவர் மறுபடி கூப்பிட்டார், இந்த முறை நீளமாக, பெயரின் கடைசி எழுத்து வலியில் ஆகாரமாக விரிந்தது. டக்ட் அந்தக் குரலை வாங்கிக்கொண்டு மேலே போனது. தண்ணீர் சத்தம் இல்லை. ஞானப்பாட்டும் இல்லை. திருப்தியும் இல்லை. நான் கேட்டு, அவர் தரமாட்டேன் என்ற அதே "ஆ". அவராகவே தந்தார்.

மின்விசிறிக் காற்றில் சாவிக்கொத்து ஆணியில் சிணுங்கிக்கொண்டிருந்தது. மைக்கில் விழும். அதனால் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். மைக்கையும் நீளமான ஒயரையும் எடுத்துப்போய், எங்கள் குளியலறை ஜன்னலில் வைத்து, அடியில் ஒரு துண்டை மடித்துக் கொடுத்தேன். பதற்றம் இருந்தது, மறுக்கவில்லை. நல்ல வாய்ப்பு வரும்போது யாருக்கும் அப்படித்தான் இருக்கும்.

முதல் டேக் வீணாகிவிட்டது. மாடி வீட்டில் குக்கர் விசில். அது மட்டும் என்றால் வெட்டியிருப்பேன். அவர் குரல் இறங்கத் தொடங்கியிருந்தது, அதுதான் பிரச்சினை. யாரும் வரவில்லை என்று அவருக்குப் பட்டிருக்க வேண்டும். இறங்குகிற குரலை வைத்து ஒன்றும் செய்ய முடியாது. பிரேக்டவுனில் குரல் ஏற வேண்டும். யாரோ வரப்போகிறார்கள் என்று நம்புகிற மனிதனின் குரல் மட்டும்தான் ஏறும்.

ஆகவே நான் ஜன்னல் பக்கம் வாயை வைத்து, "இதோ வந்துட்டேன் சார். இன்னொரு தடவ கூப்பிடுங்க," என்றேன்.

கூப்பிட்டார். அப்படி ஓர் ஏற்றத்தை நான் எந்த டிராக்கிலும் கேட்டதில்லை. பதிவானதைச் சரிபார்த்தேன். சரிபார்ப்பதற்காக ஹெட்ஃபோனைப் போட்டேன். ஹெட்ஃபோன் போட்டிருந்தேன் என்று முதலில் சொன்னது முழுப் பொய் இல்லை, கொஞ்சம் தாமதமான உண்மை. ஒருமுறை போட்டுக்கொண்டால் வெளியே எதுவும் கேட்காது. குரலை எங்கே பொருத்தலாம், எவ்வளவு எதிரொலி சேர்க்கலாம் என்று பார்த்ததில் பொழுது போனதே தெரியவில்லை. கழற்றியபோது டக்ட் அமைதியாக இருந்தது. யாரோ வந்து பார்த்துக்கொண்டிருப்பார்கள் என்று எடுத்துக்கொண்டேன்.

உள்ளே ஆளே இல்லை என்று இனி அந்த டிராக்கைப் பற்றி யாரும் சொல்ல முடியாது. நீங்கள் என்ன பிரிவு போட்டாலும் எனக்கு ஆட்சேபணை இல்லை. ஒன்றை மட்டும் ஏட்டைக் கூப்பிட்டு எழுதிக்கொள்ளச் சொல்லுங்கள். அன்றைக்கு அந்தக் கட்டடத்தில் இருந்த அத்தனை பேரிலும், லாசரஸ் சாருக்குக் கடைசியாக நம்பிக்கை கொடுத்தவன் நான் ஒருவன்தான்.